மாசி வீதிக்குள் ஒரு வாடகை வீடு

மூன்று மாதமாக மதுரை நகருக்குள் வீடு தேடி அலைகிறேன். அம்மாவுக்கு மீனாட்சி கோயிலுக்கு நடந்தே போகவேண்டும், அவ்வளவுதான். சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றி இத்தனை வீதிகள் இருந்தும் குடியிருக்க ஓர் இடம் வாய்க்கவில்லை.

கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம். லாரியும் மூட்டையும் போக மீதிதான் மனிதருக்கு. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் இருக்கின்றன, வீடு எங்கே? நல்ல வீடுகளையெல்லாம் கிடங்காகவும் விடுதியாகவும் மாற்றிவிட்டார்கள். வயிறு எரிகிறது.

நேற்று வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் வீடு பார்த்தேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திண்ணையில் ஏறி நிற்கவேண்டும். உள்ளே முற்றத்தைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். நடுப்பகலில் விளக்கு எரிந்தது. மாடிப்படி ஏணிபோலச் செங்குத்து. முட்டிவலிக்காரி அம்மா எப்படி ஏறுவாள்? இதற்குப் பத்து மாத வாடகை முன்பணம், தரகருக்கு ஒரு மாத வாடகை. வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டால், "வெளி வீதியில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்" என்கிறார் வீட்டுக்காரர்.

எல்லோரும் புறநகருக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே காற்று வரும், தெரியும். சித்திரையில் தேர் மாசி வீதியில் திரும்பும்போது வாசலில் நின்று கும்பிட அங்கே முடியுமா? ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு வீடு பார்க்கவேண்டும்.