தண்ணீருக்குச் சரி, தோல் கழிவுநீருக்கு?

ஆய்வகத்தில் திரவங்களை அளந்து ஊற்றும் தானியங்கி இயந்திரம் வந்தால் பிழைக்கே இடமில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தண்ணீரை மட்டும் அளப்பவர்கள் அப்படிச் சொல்லலாம். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதிக்கும் என்னால் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை.

இந்த இயந்திரங்கள் பலவற்றில், உறிஞ்சும் பிஸ்டனுக்கும் முனைக்குள் வரும் திரவத்துக்கும் நடுவே காற்றுதான் இருக்கிறது. அசிட்டோனை எடுத்தால் அதன் ஆவி உள்ளே பரவி, திரவத்தை முனையிலிருந்து சொட்டவைத்துவிடும். அதைத் தவிர்க்க முனையை அதே திரவத்தில் முன்கூட்டியே இரண்டு மூன்று முறை நனைக்க வேண்டும். கெட்டியான கிளிசரினுக்கு உறிஞ்சும் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? எங்கள் மாதிரிகளிலோ மயிரும் சுண்ணாம்புத் துகளும் மிதக்கும். வடிகட்டாமல் வைத்தால் முனை அடைத்துக்கொள்ளும். அழுத்தத்தைக் கவனிக்கும் உணரி இல்லாத மலிவு இயந்திரம், 1 மில்லி எடுத்துவிட்டதாகக் கூசாமல் கணக்குக் காட்டும்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. நச்சுத்தன்மை மிக்க ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான சோதனையில் டைஃபீனைல்கார்பசைடு என்ற நிறம் காட்டும் வேதிப்பொருளைச் சேர்த்து, வரும் ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கிறோம். அதற்கான திட்டக் கரைசல்களை (ஒப்பிட்டுப் பார்க்க உதவும், செறிவு தெரிந்த கரைசல்களை) வரிசையாக நீர்க்கச் செய்யும் சலிப்பான வேலையை இயந்திரமே எடுத்துக்கொள்ளட்டும். கைப் பிப்பெட்டை அழுத்தி அழுத்தி நோகும் என் கட்டைவிரல் பிழைக்கும்.

வாங்குகிறவர்கள் இயந்திரம் அளந்து ஊற்றும் தண்ணீரை விற்பனையாளரின் கண்ணெதிரே தராசில் எடைபோட்டுப் பாருங்கள். 25 டிகிரியில் 1 மில்லி தண்ணீர் சுமார் 0.997 கிராம். அதையும் வேலூர் மே மாதத்தில், உங்கள் அறையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.