எச்-இன்டெக்ஸ் 9 என்றால் என்ன?

அண்ணே, "அந்த ஏஐ ஆராய்ச்சியாளருக்கு எச்-இன்டெக்ஸ் 60, நம்ம மதுரை கணக்குப் பேராசிரியருக்கு வெறும் 9, அவர் ஆராய்ச்சியே செய்யலை"னு எழுதியிருக்கீங்க. இது தப்பு. எச்-இன்டெக்ஸ்ங்கறது ஒரு ஆராய்ச்சியாளரோட கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எவ்வளவு சுட்டிக்காட்டியிருக்குன்னு (மேற்கோள்) அளக்க, 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் சொன்ன கணக்கு. 9 என்றால், தலா 9 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 9 இருக்குன்னு அர்த்தம். ஒரே கட்டுரை எழுதி அதுக்கு லட்சம் மேற்கோள் வந்தாலும் எச்-இன்டெக்ஸ் 1தான்!

துறைக்குத் துறை நிலவரமும் வேற. இன்றைய ஏஐ மொழி மாடல்களுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பை அறிமுகப்படுத்திய 2017 கட்டுரையை எழுதியவங்க 8 பேர்; ஒவ்வொருத்தர் கணக்கிலும் அதன் மேற்கோள் முழுசா ஏறும். கணிதத்தில் பெரும்பாலும் ஒருத்தர், ரெண்டு பேர்தான் எழுதுவாங்க, மேற்கோளும் மெதுவாத்தான் சேரும். மேற்கோள்களை எண்ணும் கூகுள் ஸ்காலர் தளம், இதழில் வெளிவரும் முன்பே இணையத்தில் போடுற கட்டுரைகளையும் (முன்பதிப்பு) சேர்த்து எண்ணும்; அதனாலயும் எண் கூடும்.

அந்த மதுரைப் பேராசிரியர்கிட்ட படிச்சவன் நான். அந்த வரியைத் தயவுசெஞ்சு எடுத்துடுங்கண்ணே.