முதல் பெயர் கோழி என்றால் போதுமா?

நாய்த் தீவனப் பையில் உள்ள மூலப்பொருள் பட்டியலில் முதல் பெயர் கோழியாக இருந்தால் அது நல்ல தீவனம் என்கிறது ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபம் இல்லைங்க. தயாரிப்பில் சேர்க்கும்போது இருந்த எடைப்படிதான் வரிசை போடுகிறார்கள். பச்சைக் கோழியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். அது வற்றியதும் மக்காச்சோளம் முந்திவிடலாம். அதையும் மாவு, புரதம், தவிடு என்று பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். 'சிக்கன் மீல்' என்றால் முகம் சுளிக்க வேண்டாம், அது நீர் வற்றிய கோழிதான். வெறும் 'மீட் மீல்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும், எந்த விலங்கு என்றே தெரியாது.

அப்புறம், எங்கள் குன்னூர் ஈரத்துக்கு லேபிள் மட்டும் போதாது. ஐப்பசி மழையில் கடையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை மோந்து பாருங்கள். சிக்கெண்ணெய் வாடை அடித்தால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, வாங்காதீர்கள்.