பேரேட்டை நாகபந்தத்தில் எழுதியவர்கள்

போன வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தாள். பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய ஸ்கிரிப்ட் ஒன்றில் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறாள். பட்டியலில் எத்தனை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டிய வரி. எண்ணுக்குப் பதிலாக முதல் வாடிக்கையாளரின் பெயர் வந்து நிற்கிறது.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இடப்பக்கம் இருந்த வேரியபிளைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி. அது இருந்தால் பட்டியலின் முதல் உருப்படி கிடைக்கும். எடுத்துவிட்டால் எண்ணிக்கை கிடைக்கும். "ஏம்மா அங்க பிராக்கெட் போட்ட?" என்றேன். "மேல் வரியில இருந்துச்சு சார், அதைப் பார்த்துதான் போட்டேன்." மேல் வரியில் அது சரி. அடுத்த வரியில் தப்பு. "அப்போ இது பக் இல்லையா சார்?" "இல்லம்மா, ஒரே பட்டியல் இடத்தைப் பொறுத்து வேற அர்த்தம் தரும், இதுக்கு கான்டெக்ஸ்ட்னு பேர்."

இருபது வருடத்துக்கு முன்னால் இதே பதிலை எனக்கு ஒருவர் சொன்னார், இதே தொனியில். அன்று அவமானமாக இருந்தது. போன வாரம் நானே சொன்னபோது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெர்ல் ஏன் தேய்ந்தது என்று கேட்டால் எல்லோரும் பைத்தான் என்ற இன்னொரு மொழியைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். என் கணக்கு வேறு. எழுதுகிறவனை ராஜாவாக உட்கார வைத்து, படிக்கிறவனை வாசலில் நிறுத்திய மொழி அது. அதைச் சுற்றிக் கூடிய நாங்களும் அப்படியேதான் இருந்தோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். என் வீட்டுக் கடனில் பாதிக்கு மேல் பெர்ல் கட்டியது. 2005ல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த வேலை, டெலிகாம் பில்லிங் சர்வர்கள் நடந்ததையெல்லாம் வரி வரியாக எழுதிக் கக்கிய லாக் ஃபைல்களை மேய்ந்து அறிக்கை எடுப்பது. ஜாவாவில் இரண்டு நாள் ஆகும் வேலையை பெர்லில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிக்கலாம். மிகையாகச் சொல்லவில்லை. எழுத்துக் குவியலுக்குள் ஒரு வடிவத்தைத் தேடி எடுப்பதில் அன்று அதற்கு இணை கிடையாது. இன்று நீங்கள் எந்த மொழியில் இப்படித் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினாலும் பெரும்பாலும் பெர்ல் வைத்த புள்ளியின் மேல்தான் கோலம் போடுகிறீர்கள். மனித மரபணுத் திட்டத்தில் ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் ஒவ்வொரு வடிவத்தில் தரவு வைத்திருந்தபோது, அவற்றை ஒன்றோடொன்று பேச வைத்ததில் பெர்லுக்குப் பெரிய பங்கு உண்டு. மரபணுத் தரவு ஆய்வாளர் லிங்கன் ஸ்டைன் 1996லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யாரோ எழுதிய மாட்யூலை, அதாவது தயார்க் கோடை, இணையத்தில் ஓரிடத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்துவது இன்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சிபான் என்ற பெயரில் பெர்ல்காரர்கள் அதை 1995லேயே நடத்திக்கொண்டிருந்தார்கள். அதுவும் டெஸ்ட்களோடு.

சரி, கோளாறு எங்கே ஆரம்பித்தது?

பெர்லை உருவாக்கிய லாரி வால் மொழியியல் படித்தவர். 1987 டிசம்பரில் பெர்லின் முதல் பதிப்பை வெளியிட்டார். மனித மொழியில் ஒரே விஷயத்தைப் பத்து விதமாகச் சொல்லலாம், நிரல்மொழியிலும் ஏன் கூடாது என்பது அவருடைய கேள்வி. ஒரு வேலையைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு என்பதே பெர்லின் கொள்கை வாசகம் ஆனது. கேட்க அழகாக இருக்கிறது. நானும் மயங்கினேன். ஆனால் மனித மொழியில் எதிராளி முகம் சுளித்தால் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாம். கோட் எழுதினவன் வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் கழித்து அதைப் படிக்கிறவன் யாரிடம் முகம் சுளிப்பான்?

நடந்தது என்னவென்றால், ஆளுக்கொரு பெர்ல் பேசினோம். எங்கள் புராஜெக்டிலேயே மூன்று வட்டார வழக்குகள் இருந்தன. ஒருவர் ஷெல் ஸ்கிரிப்ட் மாதிரி எழுதுவார். இன்னொருவர் சி மொழி மாதிரி. மூன்றாமவர் எல்லாவற்றையும் ஒரே வரியில் சங்கிலியாகக் கோத்து, கடைசிச் செமிகோலனில்தான் மூச்சு விடுவார். தரவையும் அதன் வேலைகளையும் ஒன்றாகக் கட்டும் ஆப்ஜெக்ட் எழுதுவதற்கு அன்று மொழியிலேயே ஒழுங்கான ஏற்பாடு கிடையாது. அதனால் மூஸ், மவுஸ், மூ, மோ என்று வரிசையாக மாட்யூல்கள் முளைத்தன (கூகுளில் தேடிப் பாருங்கள், நான் கிண்டல் பண்ணவில்லை). ஒரு ஃபங்ஷனுக்கு வரும் மதிப்புகளுக்கு அதன் தலையிலேயே பெயர் சூட்டுவது மற்ற மொழிகளில் முதல் நாள் பாடம். பெர்லில் அது பரிசோதனை வசதியாக 2014ல் வந்தது. பரிசோதனை என்ற முத்திரை போக 2022 ஆனது. எட்டு வருடம் பரிசோதித்தார்கள்.

இதில் சமூகத்தின் பங்குதான் எனக்கு உறுத்தல். பெர்ல்காரர்களுக்கு நடுவில் மரியாதை எதற்குக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கும் புரியாத பெர்ல் எழுதுவதற்கென்றே வருடாவருடம் போட்டி நடந்தது. குறைந்த எழுத்துகளில் வேலையை முடிப்பதை கோல்ஃப் என்று பெயர் வைத்து ஆடினார்கள். நம் புலவர்களும் இதைச் செய்தவர்கள்தான். பாம்பு வடிவத்துக்குள் எழுத்துகளை அடுக்கும் நாகபந்தம், தேர் வடிவத்துக்குள் அடுக்கும் தேர்பந்தம், முன்னும் பின்னும் படித்தால் ஒன்றாகவே வரும் மாலைமாற்று. சித்திரகவியை ரசிக்கத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் கணக்குப்பிள்ளை கடைப் பேரேட்டை நாகபந்தத்தில் எழுதிவிட்டுப் போனால் முதலாளி என்ன செய்வார்? உரையாசிரியரைத் தேடி அலைவாரா, புதுப் பேரேடு போடுவாரா? கம்பெனிகள் புதுப் பேரேடு போட்டன. நான் பார்த்த நான்கு பெர்ல் புராஜெக்ட்களில் மூன்று அப்படித்தான் பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் போயின. வேகம் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எழுதினவர் போய்விட்டார், தொடப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

கேள்வி கேட்டுப் போகிற புதியவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைத்தது என்பதற்கு என் கதையே போதும். 2005ல் ஒரு பெர்ல் அரட்டை அறையில் போய்க் கேட்டேன். ஒரு ஸ்ட்ரிங்குக்குள் (எழுத்துத் தொடர்) வாடிக்கையாளரின் பெயர் இருக்கும் வேரியபிளைப் போட்டு, ஒட்டினாற்போல் ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டும் மேற்கோள் குறியும் எழுத்தும் போட்டிருந்தேன். பிரிண்ட் செய்தால் பெயரையே காணோம். பிழை என்றும் சொல்லவில்லை. காரணம் என்னவென்றால், அந்த ஒற்றை மேற்கோள் குறி பழைய காலத்திலிருந்தே பெர்லில் பேக்கேஜ் (வேரியபிள்களைத் தனித்தனியாக வைக்கும் பெட்டி) பெயரைப் பிரிக்கும் குறியாக இருந்துவருகிறது. அதனால் என் வேரியபிளை அது வேறொரு பேக்கேஜில் இருக்கும் வேறொரு வேரியபிளாகப் படித்துக்கொண்டது. அறிவிக்காத வேரியபிளைப் பிடிக்கும் ஸ்ட்ரிக்ட் என்ற கட்டுப்பாட்டைப் போட்டிருந்தும் பிடிக்கவில்லை, ஏனென்றால் முழுப்பெயரோடு வருகிற வேரியபிளை ஸ்ட்ரிக்ட் கண்டுகொள்ளாது. இதைச் சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும். எனக்குக் கிடைத்தது, "ஆவணத்தில் இருக்கிறது, படித்துவிட்டு வா." பின்னால் படித்தேன், ஆவணத்தில் இருக்கத்தான் இருக்கிறது. இப்படி ஒரு குழி இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குழியை மூடியிருக்கலாமே என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

2023ல் வந்த பெர்ல் 5.38 பதிப்பில், இந்தக் குறியை 5.42ல் எடுத்துவிடப் போகிறோம் என்று எச்சரிக்கை கொடுத்தார்கள். அப்பாடா என்றிருந்தது. 2025ல் 5.42 வந்தது. குறி அங்கேயேதான் இருக்கிறது, வேண்டாதவர்கள் ஆஃப் செய்து வைத்துக்கொள்ளலாமாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எங்கள் வீட்டில் கூடம் நிஜமாகவே கோணல், ஆனால் ஆடினவர்களைத்தான் திட்டினோம்.

பெர்ல் 6 கதை தெரிந்தவர்களுக்கு அலுத்துப் போயிருக்கும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாது. 2000 ஜூலையில் லாரி வால் புதிய மொழியை அறிவித்தார். பெர்ல் 5 நான் திருப்பி எழுதியது, பெர்ல் 6 சமூகம் திருப்பி எழுதுவதாக இருக்கட்டும், சமூகம் தன்னையும் சேர்த்தே திருப்பி எழுதிக்கொள்ளட்டும் என்றார். அருமையான பேச்சு. 361 ஆலோசனைகள் வந்து குவிந்தன. எப்போது வரும் என்று கேட்டால் கிறிஸ்துமஸுக்கு வரும் என்பார்கள், எந்த வருடக் கிறிஸ்துமஸ் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். 2015 கிறிஸ்துமஸுக்கு வந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில், வலைத்தளம் கட்டுவதற்கு மற்ற மொழிகளில் ரெயில்ஸ் வந்தது, ஜாங்கோ வந்தது, கல்லூரிகளில் பைத்தான் பாடமானது. கைவசம் இருந்த பெர்ல் 5க்கோ, 5.8லிருந்து 5.10க்குப் போகவே 2002லிருந்து 2007 வரை ஆனது. 6 வரப்போகிறது என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டபிறகு 5ஐ யார் புதிதாகக் கற்பார்கள்? கடைசியில் 2019ல் பெர்ல் 6க்கு வேறு பெயர் வைத்து, இது பெர்லே இல்லை, தனி மொழி என்று அறிவித்தார்கள். வைத்த பெயர் Raku, தமிழில் எழுதினால் ராகு. நம் ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டிருந்தாலும் காலில் விழுந்து தடுத்திருப்பார்.

பைத்தானும் 2லிருந்து 3க்குப் போகையில் இதே மாதிரி திண்டாடவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். திண்டாடியது. ஆனால் 2008ல் கையில் ஒரு பைத்தான் 3 இருந்தது, ஓட்டிப் பார்க்க முடிந்தது. 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு 2க்கு ஆதரவு இல்லை என்று தேதி குறித்தார்கள், முடித்தார்கள். அவர்களுக்குள்ளும் சண்டை இருந்தது. சண்டைக்கு ஒரு கடைசி நாளும் இருந்தது.

எங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் வந்தது. 2020 ஜூனில், அப்போது பெர்ல் வளர்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த சாயர் எக்ஸ் பெர்ல் 7 என்று ஒன்றை அறிவித்தார். பெரிய புரட்சி ஒன்றும் கிடையாது. இருக்கிற பெர்ல் 5தான். ஸ்ட்ரிக்ட், வார்னிங் இரண்டும் யாரும் கேட்காமலே போடப்பட்டிருக்கும், நாம் எல்லோரும் இருபது வருடமாக ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் மந்திரம் மாதிரி எழுதிக்கொண்டிருந்த அந்த இரண்டு வரி. பழைய ஸ்கிரிப்ட் உடையும் என்று எழுந்த சண்டையில் திட்டம் கரைந்து போனது. மறு வருடம் அவர் தன்னிடம் சிலர் நடந்துகொண்ட விதத்தைக் காரணமாகச் சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகினார். திட்டத்தில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் இருபது வருட அனுபவமுள்ள ஆட்கள், இனி வரப்போகிற ஒருவனுக்காகத் தங்கள் பழைய ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்க்க மாட்டோம் என்று மாதக்கணக்கில் வாதாடியதைப் படித்தபோது எனக்கு அந்த 2005 அரட்டை அறைதான் ஞாபகம் வந்தது.

பழைய ஸ்கிரிப்ட் உடையாமல் இருப்பது பெரிய விஷயம்தான். நான் 2006ல் எழுதிய ஒன்று இன்றும் தினமும் ராத்திரி 2:15க்கு, நேரம் குறித்து வேலையை ஓட்டும் க்ரானில் ஓடுகிறது, ஒரு எழுத்து மாற்றவில்லை. நேற்றுப் போட்ட நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) புராஜெக்ட் இன்று காலை ஓடுமா என்று சத்தியம் செய்ய முடியாத காலத்தில் இது சாதாரணமில்லை. ஆனால் அதைத் திறந்து படிக்க எனக்கே அரை நாள் ஆனது.

இதற்குள் யாராவது, பெர்ல் எங்கே செத்தது, வருடம் தவறாமல் புதுப் பதிப்பு வருகிறதே, 5.38ல் ஆப்ஜெக்ட் எழுத கிளாஸ் வந்துவிட்டதே, 5.40ல் பிழையைப் பிடித்துக் கையாளும் டிரை கேட்ச் நிலையாகிவிட்டதே என்று கமெண்டில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். தெரியும் அண்ணே. 5.42ஐப் போன வாரமே இன்ஸ்டால் செய்துவிட்டேன். தமிழில் ஒரு வரி பிரிண்ட் செய்தேன், தமிழ் மாதிரி எழுத்துகளைக் கண்டால் வழக்கமாகச் சொல்லும் "வைட் கேரக்டர் இன் பிரிண்ட்" என்று பழைய பாசத்தோடு எச்சரித்தது. அந்தப் பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.