பிளாங்க் ரியாக்‌ஷன் முதல் வாரத்து வேலை

கரிம உலோக வேதியியலில் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு ஷ்லெங்க் லைன் (காற்று படாமல் வினை செய்ய உதவும் கண்ணாடி அமைப்பு) பிடிப்பது, டிஎச்எஃப் கரைப்பானை உலர்த்துவது, பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுப்பது எல்லாம் கற்றுத்தருகிறோம். வினையூக்கி உலோகத்தைப் போடாமல் அதே வினையை ஓட்டிப் பார்க்கும் பிளாங்க் மட்டும் கட்டுரை அனுப்பும் நேரத்தில், நடுவர் கேட்பாரே என்ற பயத்தில் அவசரமாக நடக்கிறது. அதற்குள் இருபது மூலக்கூறுகளுக்கு ஈல்டு (விளைபொருள் கிடைத்த சதவீதம்) அட்டவணை தயாராகிவிட்டிருக்கும். இந்த வரிசையே தவறு.

2003இல், வழக்கமாகப் பல்லேடியம் கொண்டு இரண்டு கார்பன் துண்டுகளைச் சேர்க்கும் சுசுகி இணைப்பு உலோகமே இல்லாமல் நடக்கிறது என்று கட்டுரை வந்தது. 2005இல் அதே குழு மறுபடி ஆராய்ந்து, விலைக்கு வாங்கிய சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) பல்லேடியம்தான் காரணம் என்று வெளிப்படையாக எழுதியது. ஒரு கிலோ உப்பில் 0.05 மில்லிகிராம்! 2009இல் வேதியியலாளர்கள் புக்வால்டும் போல்மும் சேர்ந்து, இரும்பு வினையூக்கி என்று நம்பப்பட்ட சில இணைப்புகளில் ஃபெரிக் குளோரைடோடு வந்த தாமிரம் வேலை செய்வதைக் காட்டினார்கள். 2021இல் அமீன் ஒன்றே சுசுகி வினையை ஊக்குவிக்கிறது என்று வந்த கட்டுரை அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. அந்த அமீனைத் தயாரிக்கும்போதே பல்லேடியம் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லிமோல் வினைக்கு 10 மோல் சதவீதம் ஃபெரிக் குளோரைடு என்றால் சுமார் 16 மில்லிகிராம். 98 சதவீதத் தூய்மை என்றால் வேறு ஏதோ 0.3 மில்லிகிராம் கூடவே போகிறது. அதில் நூறில் ஒரு பங்கு தாமிரமாக இருந்தாலே வினைபடுபொருளோடு மோல் கணக்கில் ஒப்பிட 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). சில இணைப்புகளுக்கு அதுவே தாராளம்.

ஆகவே பிளாங்க் என்றால் உலோக உப்பை மட்டும் விட்டுவிடுவது போதாது. புது வினைக்குப்பி, புது ஸ்டிர் பார் (கலக்கும் காந்தத் துண்டு), வேறு நிறுவனத்தின் காரம். பழைய ஸ்டிர் பாரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: டெஃப்லானின் கீறல்களில் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். முந்தைய வினைகளின் உலோகம் அங்கே தங்கியிருக்கலாம். அசிட்டோனில் கழுவினால் அது போகாது. ராஜ திராவகத்தில் ஊறவைத்தாலும் ஆழக் கீறலில் மிச்சம் இருக்கலாம். பிளாங்குக்குப் புதியதே நல்லது.

பிறகு, வேண்டுமென்றே கலப்படம் செய்யுங்கள். 2.2 மில்லிகிராம் பல்லேடியம் அசிட்டேட்டை 10 மில்லிலிட்டர் உலர்ந்த டிஎச்எஃப்பில் கரைத்து, அதில் 10 மைக்ரோலிட்டரை 1 மில்லிமோல் வினையில் விட்டால் 10 பிபிஎம். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யவேண்டும். வைத்திருந்தால் பல்லேடியம் கருப்பாகப் படியும். ஈல்டு எகிறினால், கலந்து வந்த உலோகம்தான் வினையூக்கி என்ற சந்தேகம் வலுக்கிறது. நிக்கலுக்கும் தாமிரத்துக்கும் இதையே செய்யலாம்.

ஐசிபி-எம்எஸ் (நுண்ணளவு உலோகத்தை அளக்கும் கருவி) அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 100 மில்லிகிராம் மாதிரியை 50 மில்லிலிட்டரில் கரைத்தால் 500 மடங்கு நீர்த்துப்போகிறது. உப்பில் 50 பிபிபி இருந்தால் கரைசலில் 0.1 பிபிபிதான். சோடியம் அதிகம் என்று இன்னும் நீர்த்தால் கருவியின் எல்லைக்குக் கீழே போய்விடும். உலோக உப்பை மட்டும் சோதனைக்கு அனுப்புவது இன்னொரு தவறு. காரம், லிகண்ட் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு), வினைபடுபொருள் எல்லாமே போகவேண்டும். பாதரசம் விட்டால் வினை நிற்கிறதா என்று பார்க்கும் பாதரசத் துளிச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். சில பல்லேடியம் அணைவுகளோடு பாதரசம் நேரடியாகவே வினைபுரியும்.

இதைச் சொன்னால், பிளாங்கில் ஈல்டு வந்துவிட்டால் மாணவரின் இரண்டு வருடம் போச்சே என்கிறார்கள். முதல் வாரத்திலேயே செய்திருந்தால் ஒரு வாரம்தான் போயிருக்கும். அது வீணான வாரமும் இல்லை. வேதியியலாளர் சீக்லரின் ஆட்டோகிளேவில் (அழுத்தக் கலனில்) எத்திலீன் சங்கிலி நீளாமல் பியூட்டீனோடு நின்றதற்குக் காரணம் அதில் ஒட்டியிருந்த நிக்கல். அதைத் துரத்திக்கொண்டு மற்ற உலோகங்களையும் சோதித்துப் போனபோதுதான் 1953இல் பாலிஎத்திலீன் வினையூக்கி கிடைத்தது. ஆல்டிஹைடில் கார்பன் பிணைப்பு உண்டாக்கும் ஒரு வினையில், குரோமியம் குளோரைடு ஒரு பாட்டிலில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் போனதை கிஷியின் குழுவும் நோசாகியின் குழுவும் விடாமல் தோண்டி, அதில் கலந்திருந்த நிக்கல்தான் காரணம் என்று 1986இல் கண்டுபிடித்தார்கள். இன்று அந்த வினையில் நிக்கல் குளோரைடை எடைபோட்டே சேர்க்கிறோம்.