பள்ளி மாவட்டத்தின் அரையாண்டு மடலில் நாம் படிக்காமல் விடும் பத்தி

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரின் வடக்குப் புறநகர்களில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இந்த நாட்களில் ஒரு மின்மடல் வந்திருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், கல்வியாண்டின் முதற்பாதியில் நடந்தவற்றையும் இரண்டாம் பாதியில் வரவிருப்பவற்றையும் தொகுத்துப் பள்ளி மாவட்டம், அதாவது அந்தப் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, அனுப்பும் மடல் அது. இசைக்குழு வாங்கிய பரிசு, ரோபோ போட்டியில் வென்ற நடுநிலைப் பள்ளி, ஆண்டின் சிறந்த ஆசிரியர், அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி, கின்டர்கார்டன் சேர்க்கை, உயர்நிலைப் பள்ளியில் பாடத்தேர்வுக்கான கடைசி நாள் என்று வண்ணப் படங்களோடு எல்லாம் வரிசையாக இருக்கும். நம் வாட்ஸ்அப் குழுக்களில் இவற்றுள் இரண்டே இரண்டு செய்திகள்தான் சுற்றும்: திறன் மிகுந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் 'ஜி.டி.' தேர்வு எப்போது, கணக்கில் ஒரு வகுப்பு தாண்டிப்போக என்ன வழி. மடலின் கடைசியில், மாணவர் எண்ணிக்கையைப் பற்றியும் அடுத்த ஆண்டு வரவு செலவைப் பற்றியும் படமே இல்லாமல் ஒரு பத்தி இருக்கும். அதை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. நம் பிள்ளைகள் அடுத்த ஆண்டு எந்தப் பள்ளிக்குப் போவார்கள், அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருப்பார்கள் என்பதையெல்லாம் முடிவுசெய்வது அந்தப் பத்திதான் என்பதால், இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2024-25 கல்வியாண்டின் முடிவில் நம் பகுதியில் நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். பிளேனோ மாவட்டம் இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் மூடியது. லூயிஸ்வில் மாவட்டம் ஐந்து தொடக்கப் பள்ளிகளை மூடியது. கொப்பெலில் பிங்கர்டன் தொடக்கப் பள்ளி மூடப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு புதுக் கட்டடங்களைத் திறந்துகொண்டே இருந்த ஃபிரிஸ்கோ மாவட்டம்கூட ஸ்டேலி நடுநிலைப் பள்ளியை மூடியது. இவற்றில் எதுவும் ஒரே நாளில் எடுத்த முடிவல்ல. பிளேனோவில் பெற்றோரும் ஊர்க்காரர்களும் அடங்கிய ஒரு குழு பல மாதங்கள் கூடிப் பேசிய பிறகு, 2024 ஜூனில், அதாவது மூடுவதற்கு ஓராண்டு முன்பே, மாவட்டத்தை நிர்வகிக்கும், மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் வாக்களித்தது. கொப்பெலில் 2024 அக்டோபரிலும், லூயிஸ்வில்லிலும் ஃபிரிஸ்கோவிலும் அதே ஆண்டு டிசம்பரிலும் வாக்கெடுப்பு நடந்தது. தங்கள் பள்ளியின் பெயர் பட்டியலில் வந்த பிறகு பெற்றோர் திரண்டு வந்து பேசுவது இத்தகைய முடிவுகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. ஆனால் பெயர் வரும்போது கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டிருக்கிறது.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை. டெக்சாஸில் பள்ளி மாவட்டம் என்பது நகராட்சிக்கோ கவுன்டிக்கோ கீழ்ப்பட்டதல்ல. தனக்கென வாரியமும் வரி விதிக்கும் அதிகாரமும் உடைய தனி அமைப்பு. மாநிலத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இருக்கின்றன. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலம் நிர்ணயிக்கும் அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலராகவே நின்றிருந்தது. இடையில் விலைவாசி எங்கே போயிற்று என்பது மளிகைக் கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். 2025இல் சட்டமன்றம் பள்ளிகளுக்கென 850 கோடி டாலர் ஒதுக்கியபோது பெரும்பகுதியை ஆசிரியர் ஊதிய உயர்வு போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கென்றே வரையறுத்துவிட்டு, அடிப்படைத் தொகையில் 55 டாலர் மட்டும் கூட்டியது. ஆசிரியர்களுக்கு ஊதியம் உயர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மின்கட்டணமும் பேருந்துச் செலவும் காப்பீட்டுத் தொகையும் அந்த 55 டாலருக்குள் அடங்கப் போவதில்லை. அதே ஆண்டு, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் வழங்கும் திட்டத்துக்கு 100 கோடி டாலரை ஒதுக்கியதும் இதே சட்டமன்றம்தான். அந்தத் திட்டம் 2026-27இல் தொடங்கும்போது சில பிள்ளைகளாவது பொதுப் பள்ளியை விட்டுப் போவார்கள் என்று எல்லா மாவட்டங்களும் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

இதற்கு மேல் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் பதிவேட்டில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுக்கின்றன. டெக்சாஸ் நாள்தோறும் வருகை தரும் மாணவர்களின் சராசரியைப் பார்த்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் வருகைப்பதிவுக்கென ஒரு நேரம் குறித்து வைத்திருப்பார்கள். அந்த நிமிடத்தில் பிள்ளை பள்ளியில் இருந்தால் பணம் வரும். இல்லையென்றால் பத்து நிமிடம் கழித்து வந்து மாலைவரை உட்கார்ந்திருந்தாலும் அந்த நாள் கணக்கில் சேராது. மருத்துவரைப் பார்க்கப் போய், அதே நாளில் பள்ளிக்கு வந்து சீட்டைக் கொடுத்தால் வந்ததாகவே கொள்ளப்படும். அதனால்தான் பல் மருத்துவரிடம் போய்விட்டு வந்தால் மறக்காமல் சீட்டு கொண்டுவாருங்கள் என்று அலுவலகத்தில் இருக்கும் அம்மையார் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவர் கேட்பது வெறும் ஒழுங்குக்காக மட்டும் அல்ல.

இங்கேதான் நம் டிசம்பர் மாத ஊர்ப்பயணம் குறுக்கே வருகிறது. விமானக் கட்டணம் குறைவாக இருக்கும் என்று விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பி, பொங்கலையும் ஊரில் முடித்துக்கொண்டு ஜனவரி மூன்றாம் வாரம் திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். தாத்தா பாட்டியோடு பிள்ளைகள் நாலு நாள் கூட இருக்கட்டும் என்ற எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அடிப்படைத் தொகையைப் பள்ளி நாட்களால் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 35 டாலர் வருகிறது. பத்துப் பள்ளி நாட்கள் போனால் ஒரு பிள்ளைக்கு 350 டாலர். ஒரே தொடக்கப் பள்ளியில் நூறு பிள்ளைகள் அப்படிப் போனால் 35,000 டாலர், அதாவது ஓர் உதவியாளரின் ஓராண்டு ஊதியத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஒரு பாடத்துக்கான வகுப்பு நாட்களில் 90 விழுக்காடாவது வந்திருந்தால்தான் அந்தப் பாடத்துக்குரிய தேர்ச்சி மதிப்பு (கிரெடிட்) கிடைக்கும் என்ற விதி வேறு தனியாக நிற்கிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் சட்டமே நமக்குத் தந்திருக்கும் சலுகைகளையும் நாம் பயன்படுத்துவதில்லை. சமயப் புனித நாளைக் கடைப்பிடிப்பதற்காகப் பிள்ளை வராவிட்டால், பெற்றோர் கடிதம் கொடுத்தால் போதும். அந்த நாள் வந்த நாளாகவே கணக்கிடப்பட வேண்டும் என்று டெக்சாஸ் கல்விச் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கும் பணம் குறையாது, பிள்ளைக்கும் பழுது இல்லை. அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்துக்காக அரசு அலுவலகத்துக்குப் போகும் நாளுக்கும், குடியுரிமை உறுதிமொழி ஏற்கும் நாளுக்கும் இதே சலுகை உண்டு. தீபாவளியன்று 'காய்ச்சல்' என்று எழுதி அனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளதை எழுதினால்தான் இங்கே நன்மை.

பள்ளியை மூடும் பேச்சு வந்ததும் நம் குழுக்களில் தவறாமல் எழும் கேள்வி, 'விளையாட்டு அரங்கம் கட்டப் பணம் இருக்கிறது, பள்ளி நடத்தப் பணம் இல்லையா?' என்பது. கேள்வியில் கோபம் நியாயமானது, கணக்கு மட்டும் தவறானது. மாவட்டத்தின் சொத்து வரி இரண்டு பைகளாகப் பிரிகிறது. ஒன்றிலிருந்து ஊதியம், மின்சாரம், பேருந்து. மற்றொன்றிலிருந்து கட்டடத்துக்காகக் கடன்பத்திரம் வழி வாங்கிய கடனுக்கான தவணை. இரண்டாம் பையிலிருந்து எடுத்து ஆசிரியருக்கு ஊதியம் கொடுக்கச் சட்டம் இடம் தராது. ஆலன் மாவட்டம் ஏறத்தாழ 6 கோடி டாலரில் 18,000 பேர் அமரும் அரங்கத்தை 2012இல் திறந்து, இரண்டே ஆண்டில் கான்கிரீட் விரிசல் கண்டு அதை மூடிவைத்துப் பழுதுபார்த்த கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணமும் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த கடன்பத்திரப் பணம்தான். அத்தகைய வாக்கெடுப்புக்கு யார் போனார்கள், யார் போகவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இவை போதாதென்று, சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டங்களிலிருந்து வரியின் ஒரு பகுதியை மாநிலம் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு 1993 முதல் நடப்பில் இருக்கிறது. பிளேனோ அப்படிப் பெருந்தொகை செலுத்தி வந்த மாவட்டங்களில் ஒன்று. ஏழை மாவட்டங்களுக்கு உதவ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று கேட்டால், பிறப்பு விகிதம் குறைந்தது ஒரு காரணம், தனி உரிமம் பெற்ற சார்ட்டர் பள்ளிகள் ஒரு காரணம். நம் கண்ணெதிரே இருக்கும் காரணம் வீடு. இருபது ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளுக்காகப் பிளேனோவிலும் கொப்பெலிலும் வீடு வாங்கியவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பின்பும் அதே வீட்டில் இருக்கிறார்கள். இப்போது கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. அவர்கள் ப்ராஸ்பர், செலினா என்று வடக்கே போய்க்கொண்டே இருக்கிறார்கள். அங்கே பள்ளி கட்டி முடிப்பதற்குள் வகுப்பறை நிரம்புகிறது. இங்கே நல்ல கட்டடம் பாதி காலியாகக் கிடக்கிறது. பாதி காலியான பள்ளிக்கும் ஒரு தலைமையாசிரியர், ஒரு செவிலியர், ஒரு நூலகர் வேண்டும் என்பதால் மூடுவதை முழுத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதை மூடுவது, எல்லைகளை எப்படி வரைவது, நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்த பிள்ளை இனி எப்படிப் போகும் என்பதைப் பேசும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த இடம் வாரியக் கூட்டம். சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் நம்மவர் ஒருவர் தாளில் எழுதிவந்து பேசியதைப் பார்த்தேன். பேச்சு மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் இருந்தன. அவர் தம்மை அறிமுகப்படுத்தி, வாரியத்துக்கு நன்றி சொல்லி, இந்த நாட்டுக்கு எப்போது வந்தார் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் எரிந்துவிட்டது. செய்தியின் நடுவில் சிவப்பு. உறுப்பினர்கள் ஒரு சொல்லும் பேசாமல் தலையசைத்தார்கள். அவர் முகம் வாடித் திரும்பினார். அந்த மௌனத்தை அவமதிப்பு என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளைப் பற்றி வாரியம் விவாதிக்கக் கூடாது என்பது திறந்த கூட்டங்களுக்கான மாநிலச் சட்டம். நிரலில் இருக்கும் பொருளைப் பற்றிப் பேச விரும்பும் பொதுமக்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆகவே நிரலை முன்கூட்டியே இணையத்தில் பார்த்து, அதில் உள்ள பொருளைப் பற்றிப் பேசப் பெயர் பதிந்து, முதல் வரியிலேயே கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டும். வணக்கமும் வரலாறும் நேரம் மிஞ்சினால் சொல்லிக்கொள்ளலாம்.

'நாங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், எங்களுக்கு ஓட்டே இல்லை, எங்கள் பேச்சு எடுபடுமா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகளாக வரிசையில் நிற்கும் சமூகத்தில் இது இயல்பான தயக்கம். வாக்களிக்கவும் வாரியத்துக்குப் போட்டியிடவும் குடியுரிமை வேண்டும். கூட்டத்தில் பேசவும், குழுக்களுக்கு விண்ணப்பிக்கவும் அது தேவையில்லை. ஒவ்வொரு மாவட்டமும் பள்ளி நலவாழ்வு ஆலோசனைக் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றும், அதில் பெரும்பான்மையினர் மாவட்டத்தில் வேலை பார்க்காத பெற்றோராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மதிய உணவில் சைவப் பிள்ளைகளுக்குச் சீஸ் பீட்சாவை விட்டால் வேறில்லை என்று வீட்டில் புலம்புகிறவர்கள் அங்கே போய் உட்காரலாம். பள்ளி எல்லைகளை ஆராயும் குழு, கடன்பத்திரத் திட்டக் குழு ஆகியவற்றுக்கு ஆள் கேட்டு அறிவிப்பு வருவதும் பெரும்பாலும் இதே மடலில்தான், அதுவும் கோப்பைப் படங்களுக்குக் கீழே. சொத்து வரி கட்டும்போது யாரும் விசாவைக் கேட்பதில்லை.

கைப்பேசித் தடையைப் பற்றியும் இந்த ஆண்டு மடல்களில் பெருமையாக எழுதுவார்கள். பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2025-26 முதல் மாநிலம் முழுவதற்குமான சட்டம். மாவட்டத்தின் தனிச் சாதனை என்று அதில் ஒன்றும் இல்லை. நல்ல சட்டம், அவ்வளவுதான்.

குடியுரிமை பெற்றவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. இந்தப் பகுதியில் பல மாவட்டங்களின் வாரியத் தேர்தல் மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கிறது. பொதுவாக ஏழு பேர் கொண்ட இந்த வாரியத்தில் உறுப்பினர்களுக்கு ஊதியம் கிடையாது. வேட்புமனு ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடிந்துவிடும். அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதிகூட அந்தச் சனிக்கிழமை வருவதில்லை. அதனால் ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து போனாலே முடிவு மாறக்கூடிய தேர்தல் அது. வாக்காளர் பதிவு தேர்தலுக்கு முப்பது நாட்களுக்கு முன்பே, அதாவது ஏப்ரல் தொடக்கத்திலேயே, முடிந்துவிடும். உறுதிமொழி ஏற்ற கையோடு பாஸ்போர்ட்டுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு இதை மறந்தவர்கள் தங்கள் கவுன்டியின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.