கலிபோர்னியாவின் புல்வெட்டிச் சட்டமும் ஒசூரின் மொபெட்டும்

2024ஆம் மாடல் ஆண்டு முதல் புதிதாகத் தயாராகும் புல்வெட்டிகள், இலை ஊதிகள் முதலிய சிறு எஞ்சின் கருவிகளில் பெரும்பாலானவை புகையே வெளியிடக் கூடாது என்று கலிபோர்னியா விதி செய்திருக்கிறது. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர்கள் "நாளைக்கு நம் பிரஷ் கட்டரையும் (தோளில் மாட்டிக் களை வெட்டும் மெஷின்) பிடுங்கிக்கொள்வார்களா?" என்று கேட்கிறார்கள். அந்த மெஷின்கள் பலவற்றில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் போகத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது ஒசூரில் தயாரான டிவிஎஸ் மொபெட்டின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் போன வழியில் போக வேண்டும்.

இந்த எஞ்சினின் கோளாறு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எரிந்த புகையை வெளியே தள்ளும் வேலையைப் புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவையே செய்வதால், அக்கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. உராய்வைத் தடுக்கப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிறோம். அதுவும் சேர்ந்து எரிகிறது. எடை குறைவு, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும், பழுது பார்ப்பது எளிது என்ற குணங்களுக்காகத்தான் இதைத் தோளில் மாட்டிக்கொள்கிறோம். அந்தப் புகைக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு, கருவியைச் சுமப்பவனுடையது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

வணிகத்துக்குப் பயன்படும் இலை ஊதி ஒன்றை ஒரு மணி நேரம் இயக்கினால், ஒரு கார் ஏறத்தாழ 1,100 மைல் ஓடும்போது வெளியிடும் அளவுக்குப் புகைமூட்ட மாசு உண்டாகிறது என்பது கலிபோர்னியக் காற்றுவள வாரியத்தின் கணக்கு. ஆனால் அங்கும் யார் கையிலிருந்தும் பழைய கருவியைப் பிடுங்கவில்லை. விதி புதிய கருவிகளுக்கு மட்டுமே. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, விவசாயத்துக்கும் கட்டுமானத்துக்கும் உரிய சிறு எஞ்சின்களை மாநிலங்கள் கட்டுப்படுத்த முடியாது என்பதால், 45 சிசியும் அதற்கு மேலும் உள்ள மரம் அறுக்கும் ரம்பங்கள் இதில் அடங்கவில்லை. வீட்டுப் புல்தரையையும் வேலைக் காட்டையும் வேறுவேறாகப் பார்க்கும் இந்தப் பாகுபாடு, அங்கே எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும், நமக்கும் தேவையானது.

இனி நம் மாவட்டத்துக் கதைக்கு வருகிறேன். 1980இல் ஒசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 டூ ஸ்ட்ரோக் வண்டிதான். அதன் வழியில் வந்த எக்ஸ்எல், உர மூட்டையையும் பால் கேனையும் புல்லுக்கட்டையும் சுமந்து ஊர் ஊராக ஓடியது. 2015இல் அதே உருவத்தில், அதே மூட்டையைச் சுமக்கக்கூடிய எக்ஸ்எல் 100 வந்தது. அதன் எஞ்சின், புகையைத் தள்ளுவதையும் புதுக் கலவையை இழுப்பதையும் தனித்தனியாகச் செய்யும் ஃபோர் ஸ்ட்ரோக். 2017 ஏப்ரலில் எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானபோது, மாற்று வண்டி ஏற்கெனவே கடையில் நின்றுகொண்டிருந்தது. (ஆர்எக்ஸ் 100 என்ற பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கின் சத்தத்துக்கு இன்னும் ஏங்குகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அது ஆசை, இது பிழைப்பு.)

பிரஷ் கட்டரிலும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்று கிடைக்கிறது. சற்றே கனம், விலையும் கூடுதல். பேட்டரிக் கருவி வீட்டுத் தோட்டத்துக்கும் பள்ளி வளாகத்துக்கும் போதும். ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் தயாராகும் மாவட்டத்தில் பேட்டரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் மழை பெய்து களை இடுப்பளவு நிற்கும் பர்கூர்ப் பக்கத்து மாந்தோப்பில், சார்ஜ் போட வசதியில்லாத இடத்தில், காலை முதல் மாலை வரை வெட்டுகிறவரிடம் இப்போதே பேட்டரிக்கு மாறச் சொல்வது நியாயமில்லை. அங்கே முதலில் ஃபோர் ஸ்ட்ரோக் வரட்டும். டூ ஸ்ட்ரோக்கின் புதிய விற்பனையை, தேதியை முன்கூட்டியே அறிவித்து நிறுத்தட்டும். கையில் இருப்பது தேயும்வரை ஓடட்டும்.

மானியத்தையும் இதனோடு சேர்த்தே திருத்த வேண்டும். வேளாண் கருவிகளுக்கான மானியம் சிட்டா, அடங்கல் வைத்திருக்கும் விவசாயியின் பெயரில் வருகிறது. ஆனால் சொந்த மெஷினோடு தோப்புத் தோப்பாகப் போய் மணிக்கணக்கில் கூலிக்குக் களை வெட்டும் இளைஞர்கள் பலருக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. புதிய கருவியின் கூடுதல் விலை விழப்போவது அவர்கள் தலையில்தான். நில ஆவணம் கேட்காமல், பழைய மெஷினை ஒப்படைப்பதையே தகுதியாகக் கொண்டு அவர்களுக்கு மானியம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தடைக்கான தேதியை அறிவிக்கட்டும்.